வயிற்றுக்குள் போன கிருமி ரத்தத்தில் ஏறுவது எப்படி? 'காய்ச்சல் விட்டுருச்சு' என்று மாத்திரையை நிறுத்துவோர் உஷார்!

சிவகாசி,

"தின்னது வயித்துக்குத்தானே போச்சு, ரத்தத்துல எப்படிங்க கிருமி வந்துச்சு?"

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் எந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும். கையில் ரத்தப் பரிசோதனை சீட்டு இருக்கும். அதில் டைபாய்டு என்று எழுதியிருக்கும். வயிற்றுப்போக்கு கூட இல்லை, வெறும் காய்ச்சல்தான், அப்புறம் எப்படி இது வயிற்றுக் கிருமி என்று பலருக்கும் குழப்பம். நியாயமான கேள்விதான். பதில் தெரியாததால்தான் பாதிப் பேர் நாலாவது நாளே மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு பட்டாசு ஆலை வேனில் ஏறி விடுகிறார்கள்.

மயோனைஸ் தடை ஞாபகம் இருக்கா?

2025-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந் தேதி முதல் ஓராண்டுக்கு, பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்கு தமிழக அரசு தடை போட்டது. ஷவர்மாவுக்கு தொட்டுக்கொள்ளும் வெள்ளை சாஸ்தான் அது. அந்த உத்தரவில் காரணமாகச் சொல்லப்பட்ட கிருமிகளில் முதன்மையானது சால்மோனெல்லா. அமெரிக்க கால்நடை டாக்டர் டேனியல் எல்மர் சால்மன் பெயரால் வந்த பெயர் இது. சால்மன் மீனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இந்தக் குடும்பத்தில் இரண்டு வகையறா உண்டு. ஒன்று கோழி, முட்டை, இறைச்சி வழியாக வருவது. சாப்பிட்ட மறுநாளே வாந்தி, பேதி, வயிற்றுவலி என்று ஆளைப் படுக்க வைக்கும். பெரும்பாலும் குடலோடு நின்றுவிடும். சில நாளில் சரியாகும். கைக்குழந்தை, வயசானவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் என்றால் மட்டும் இதுவும் ரத்தத்துக்குள் போகலாம்.

இரண்டாவதுதான் டைபாய்டு கிருமி. இது கோழியிலும் இல்லை, ஆட்டிலும் இல்லை. மனிதனுக்குள் மட்டுமே வாழும். அப்படியென்றால் நம் வாய்க்குள் அது எப்படி வருகிறது? இன்னொரு மனிதனின் கழிவு தண்ணீரிலோ சாப்பாட்டிலோ கலந்தால் மட்டும்தான் வரும். கேட்க அருவருப்பாக இருந்தாலும் உண்மை இதுதான். இந்த வகையறா குடலோடு நிற்பதே இல்லை. உடம்பு முழுக்க பரவுவதுதான் அதன் தொழிலே.

முதல் கேட்: இரைப்பை

பட்டாசு ஆலைக்குள் போகும்போது வாசலில் வாட்ச்மேன் தடவிப் பார்ப்பார். தீப்பெட்டி, பீடி, செல்போன் எதுவும் உள்ளே போகக்கூடாது. நம்ம உடம்பிலும் அதே மாதிரி கேட் இருக்கிறது. முதல் கேட் இரைப்பையில் உள்ள அமிலம். விழுங்கிய கிருமிகளில் பெரும்பகுதியை இந்த அமிலமே சாகடித்து விடும்.

ஆனால் இந்த கேட்டை நாமே திறந்து வைக்கிறோம். விருதுநகர் பொரிச்ச பரோட்டாவை ஒரு பிடி பிடித்துவிட்டு, நெஞ்சு எரியுதுன்னு 'கேஸ் மாத்திரை' வாங்கிப் போடும் பழக்கம் நம்ம மாவட்டத்தில் ஏராளம். டாக்டர் சொல்லாமல் மாசக்கணக்கில் தினமும் அந்த மாத்திரையை விழுங்கினால் அமிலம் குறைந்துபோகும். அப்போது குறைவான எண்ணிக்கையில் வரும் கிருமி கூட உயிரோடு தப்பி குடலுக்குப் போய்விடும்.

சுவரில் ஒரு சின்ன ஜன்னல்

சிறுகுடலின் நீளம் சுமார் 20 அடி. அதன் உள்சுவர் எவ்வளவு கனம் தெரியுமா? ஒரே ஒரு செல் அடுக்குதான். செங்கல்லை ஒட்டி ஒட்டி அடுக்கிய மாதிரி செல்கள் நெருக்கமாக நிற்கும். மேலே வழவழப்பான சளிப் படலம் பூசியிருக்கும். இந்தப் பக்கம் சாப்பாடும் கோடிக்கணக்கான கிருமிகளும். அந்தப் பக்கம் நம்ம ரத்தம். நடுவில் தலைமுடியை விட மெலிதான இந்தச் சுவர்தான் நிற்கிறது.

டைபாய்டு கிருமி இந்தச் சுவரை உடைத்துக்கொண்டு போவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அது சுவரை ஏமாற்றித்தான் உள்ளே போகிறது.

சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஆங்காங்கே 'பேயர் திட்டுகள்' என்ற இடங்கள் உள்ளன. 1677-ம் ஆண்டு சுவிட்சர்லாந்து டாக்டர் பேயர் இவற்றை விவரித்து எழுதியதால் இந்தப் பெயர். இங்கே 'எம் செல்' என்று ஒரு வகை செல் இருக்கிறது. குடலுக்குள் என்னென்ன வருகிறது என்று கொஞ்சம் சாம்பிள் எடுத்து, சுவருக்குப் பின்னால் காத்திருக்கும் வெள்ளை அணுக்களிடம் கொடுப்பதுதான் இதன் வேலை. சோதனைக்காக நாமே வைத்திருக்கும் சின்ன ஜன்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிருமி குறிபார்ப்பது இந்த ஜன்னலைத்தான்.

ஊசி போடும் கிருமி!

டாக்டர் நமக்கு ஊசி போடுவார். இந்தக் கிருமி நம்ம செல்லுக்கே ஊசி போடுகிறது! கதை இல்லை. கிருமியின் உடம்பில் நிஜமாகவே ஊசி மாதிரி ஒரு கருவி இருக்கிறது. 1998-ம் ஆண்டு இதை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படம் பிடித்துக் காட்டினார்கள்.

செல்லின் மேல் போய் ஒட்டியதும் அந்த ஊசி வழியாக சில புரதங்களை உள்ளே செலுத்துகிறது. உடனே செல்லின் மேல்பரப்பு கொதிக்கிற சோறு மாதிரி பொங்கி எழும்பி, கிருமியைச் சுற்றி வளைத்து, தானாகவே உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே போனதும் கிருமி இன்னொரு புரதத்தைச் செலுத்தி, பொங்கிய இடத்தைப் பழையபடி சமமாக்கி விடுகிறது. திருடன் பூட்டைத் திறந்து உள்ளே போய், திரும்பப் பூட்டி வைத்தது போலத்தான். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களிலும் எலிகளிலும் விஞ்ஞானிகள் இதைப் படிப்படியாகப் பார்த்திருக்கிறார்கள்.

காவலாளி தோளிலேயே சவாரி

சுவரைத் தாண்டியதும் அங்கே வெள்ளை அணுக்கள் தயாராக நிற்கின்றன. கிருமியை விழுங்கிச் செரித்துவிடுவது அவற்றின் வேலை. இதையும் விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடிவதில்லை.

வெள்ளை அணுவுக்குள் ஒரு பை மாதிரி இடத்தில் கிருமி உட்கார்ந்து கொள்கிறது. அங்கிருந்து இரண்டாவது வகை ஊசி ஒன்றை நீட்டி, தன்னைக் கொல்ல வரும் ரசாயனங்களைத் தள்ளி வைக்கிறது. அந்தப் பைக்குள்ளேயே ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிப் பெருகுகிறது. டைபாய்டு கிருமிக்கு 'வி.ஐ.' என்ற சர்க்கரைப் போர்வையும் உண்டு. இதைப் போர்த்திக்கொண்டால் உடம்பின் மற்ற காவலர்களுக்கு அது லேசில் தெரியாது. குடலில் பெரிய கலவரம் நடக்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம். பேதி இல்லாமல் காய்ச்சல் மட்டும் வருவதும் இதனால்தான்.

வெள்ளை அணு ஒரே இடத்தில் நிற்காது, ஊர் சுற்றும். குடலுக்குப் பக்கத்தில் உள்ள நெறிக்கட்டிகளுக்குப் போகும், அங்கிருந்து ரத்தக் குழாய்க்குப் போகும். உள்ளே இருக்கும் கிருமியும் கூடவே போகிறது. ஈரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை என்று போய் இறங்குகிறது. பிடிக்க வேண்டிய போலீஸ் ஜீப்பிலேயே திருடன் ஊர்வலம் போவது மாதிரி!

இத்தனையும் நடக்கும்போது நமக்கு ஒன்றுமே தெரியாது. வழக்கம்போல வேலைக்குப் போவோம், வருவோம். பெரும்பாலும் 8 முதல் 14 நாள் வரை இந்த அமைதி நீடிக்கும். அதனால்தான் 'நேத்து அந்தக் கடையில சாப்பிட்டேன், இன்னிக்கு டைபாய்டு வந்துருச்சு' என்பது சரியாக வராது. ஒன்றிரண்டு வாரம் முன்னால் எங்கே என்ன குடித்தீர்கள் என்றுதான் யோசிக்க வேண்டும்.

ஈரலிலும் மஜ்ஜையிலும் போதுமான அளவு பெருகிய பிறகு கிருமிகள் கூட்டமாக மறுபடியும் ரத்தத்தில் இறங்கும். அன்றைக்குத்தான் காய்ச்சல் ஆரம்பம். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். தலைவலி, பசியின்மை, உடம்பு அசதி, நாக்கில் வெள்ளைப் படிவு. சிலருக்கு பேதிக்குப் பதில் மலச்சிக்கல்.

மூன்றாவது வாரம்தான் ஆபத்து

இங்கேதான் பலரும் ஏமாறும் இடம். ரத்தத்தில் சுற்றும் கிருமி பித்தப்பைக்குள் போய் உட்காருகிறது. மற்ற கிருமிகளைக் கொல்லும் பித்தநீரில் இது ஜாலியாக வளரும். பித்தநீரோடு சேர்ந்து மறுபடி குடலுக்கு வருகிறது. இப்போது லட்சக்கணக்கில் வருகிறது. முதல்முறை நுழைந்த அதே பேயர் திட்டுகளில் மறுபடி இறங்குகிறது. அங்கே ஏற்கனவே கிருமியைப் பார்த்துப் பழகிய வெள்ளை அணுக்கள் இந்தத் தடவை ஆவேசமாகச் சண்டை போடுகின்றன. அந்தச் சண்டையில் புண்ணாவது நம்ம குடல் சுவர்தான்.

புண் ஆழமாகப் போனால் ரத்தம் கசியும். இன்னும் ஆழமானால் குடலில் ஓட்டை விழும். இது பெரும்பாலும் இரண்டாவது வாரக் கடைசியிலோ மூன்றாவது வாரத்திலோ நடக்கிறது. டைபாய்டு முற்றி ஆஸ்பத்திரியில் சேருபவர்களில் 100-க்கு 1 முதல் 3 பேருக்கு இப்படி ஆகிறது. குடலில் உள்ளதெல்லாம் வயிற்றுக்குள் கொட்டிவிடும். உடனே ஆபரேசன் செய்யாவிட்டால் உயிருக்கே ஆபத்து. திடீரென்று வயிறு கடுமையாக வலித்து, பலகை மாதிரி இறுகினாலோ, கருப்பாகவோ ரத்தமாகவோ மலம் போனாலோ ஒரு நிமிடம் கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

மருந்து இல்லாத காலத்தில் டைபாய்டு வந்தவர்களில் 100-க்கு 10 முதல் 20 பேர் வரை செத்துப்போனார்கள். இப்போது சரியான மருந்து சரியான நேரத்தில் கிடைத்தால் 100-க்கு ஒருவருக்கும் குறைவு. ஆனாலும் 2019-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 90 லட்சம் பேருக்கு டைபாய்டு வந்தது, சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

4-வது நாள் காய்ச்சல் குறைந்தால் என்ன அர்த்தம்?

ரத்தத்தில் மிதக்கும் கிருமி குறைந்துவிட்டது என்று அர்த்தம். அவ்வளவுதான். வெள்ளை அணுவின் பைக்குள்ளும் மஜ்ஜைக்குள்ளும் பதுங்கி இருப்பது அப்படியே இருக்கிறது. மருந்து அங்கே போய்ச் சேர்ந்து வேலை செய்ய நாள் பிடிக்கும். மருந்தைப் பொறுத்து 7 நாள் முதல் 14 நாள் வரை டாக்டர் எழுதிக் கொடுப்பது இதற்காகத்தான்.

இன்னொன்று. சரியான மருந்து ஆரம்பித்தாலும் காய்ச்சல் முழுசாக இறங்க 4 முதல் 6 நாள் ஆகலாம். இது தெரியாமல் 'இந்த டாக்டர் சரியில்ல' என்று மூணாவது நாளே வேறு ஆஸ்பத்திரி, அங்கே வேறு ஊசி என்று அலைகிறார்கள்.

இதை எழுதும் நிருபருக்கே 9-ம் வகுப்பு படிக்கும்போது டைபாய்டு வந்தது. காய்ச்சல் விட்டதும் மிச்ச மாத்திரை ஜன்னல் திண்டில் கிடந்தது, வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. 15 நாள் கழித்து மறுபடியும் அதே காய்ச்சல், முதல் தடவையை விட மோசமாக. அரைப் பரீட்சையே எழுத முடியவில்லை. அப்போது யாராவது இந்த வெள்ளை அணு கதையைச் சொல்லியிருந்தால் ஒழுங்காக மாத்திரை போட்டிருப்பேன்.

கோழிக்கோட்டில் நடந்தது

பாதி மருந்தின் விளைவு அந்த ஒருவரோடு முடிவதில்லை. 1948-ல் மலேயாவின் கோலாலம்பூரில் அமெரிக்க டாக்டர்கள் குளோராம்பெனிகால் என்ற மருந்தைப் பரிசோதித்தனர். அவர்கள் போனது வேறொரு காய்ச்சலுக்கு மருந்து தேடி. தவறுதலாக டைபாய்டு நோயாளிக்கும் கொடுத்துவிட, அவர் பிழைத்துக்கொண்டார். அதிலிருந்து 20 வருடத்துக்கு மேல் டைபாய்டு என்றால் அந்த மருந்துதான்.

1972-ல் நம்ம பக்கத்து மாநிலம் கேரளாவின் கோழிக்கோட்டில் அந்த மருந்துக்கு அசையாத டைபாய்டு பரவியது. கிருமி பழகிவிட்டது! பிறகு வந்த ஆம்பிசிலின், கோட்ரிமாக்சசோல் மருந்துகளுக்கும் பழகியது. 1990-களில் பிரமாதமாக வேலை செய்த சிப்ரோபிளாக்சசினும் இந்தியாவில் இப்போது பெரும்பாலும் டைபாய்டுக்கு பலிப்பதில்லை. ஆனால் மெடிக்கலில் 'காய்ச்சல், பேதிக்கு ஏதாவது குடுங்க' என்று கேட்டால் இன்றும் அந்த மாத்திரை நாலு கிடைத்துவிடும். இன்று கையில் மிச்சம் இருப்பது செப்ட்ரியாக்சோன், செபிக்சிம், அசித்ரோமைசின் என்று எண்ணிச் சொல்லும் அளவுதான். 2016 முதல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் செப்ட்ரியாக்சோனுக்கும் கட்டுப்படாத டைபாய்டு பரவியது.

சீட்டில் 'பாசிட்டிவ்' என்றால் டைபாய்டுதானா?

கட்டாயம் இல்லை. நம்ம ஊர் லேப்களில் எடுப்பது பெரும்பாலும் 'வைடால்' டெஸ்ட். 1896-ல் கண்டுபிடித்த பழைய டெஸ்ட் இது. கிருமியைப் பார்க்காது, கிருமிக்கு எதிராக உடம்பு தயாரித்த பொருளைப் பார்க்கும். முன்பு எப்போதோ டைபாய்டு வந்திருந்தாலும், வேறு காய்ச்சலாக இருந்தாலும் பாசிட்டிவ் காட்டலாம். டெங்கு, உண்ணிக் காய்ச்சல், எலிக் காய்ச்சல் எல்லாம் நடமாடும் மாநிலம் இது. டைபாய்டு என்று நினைத்து வைத்தியம் பார்த்து டெங்குவைக் கோட்டை விட்டால் என்ன ஆவது?

நம்பகமானது 'ரத்த கல்ச்சர்'. ரத்தத்தை எடுத்து அதில் கிருமியை வளர்த்துப் பார்ப்பது. எந்த மருந்துக்குச் சாகும் என்பதையும் அதிலேயே சொல்லிவிடுவார்கள். ஆனால் சிக்கல் என்னவென்றால் டைபாய்டில் ஒரு மில்லி ரத்தத்தில் ஒரு கிருமி இருந்தாலே அதிகம். மற்றதெல்லாம் செல்லுக்குள் ஒளிந்திருக்கிறதே! அதனால் 10 பேருக்கு டைபாய்டு இருந்தால் கல்ச்சரில் 5, 6 பேருக்குத்தான் தெரியவரும். முன்னாடியே மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டிருந்தால் அதுவும் தெரியாது. கல்ச்சருக்கு ரத்தம் கொடுத்துவிட்டு மாத்திரை ஆரம்பிப்பதுதான் முறை என்று டாக்டர்கள் கூறுகின்றனர்.

யாரிடம் இருந்து வருகிறது?

குணமான பிறகும் 100-க்கு 2 முதல் 5 பேருக்கு பித்தப்பையில் கிருமி தங்கிவிடும். பித்தப்பையில் கல் இருந்தால் அதன் மேலேயே பாசி மாதிரி படர்ந்து கிடக்கும். அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. ஆனால் மலத்தில் கிருமி போய்க்கொண்டே இருக்கும். நியூயார்க்கில் மேரி மல்லான் என்ற சமையல்காரப் பெண் இப்படித்தான் தான் வேலை பார்த்த வீடுகளில் எல்லாம் டைபாய்டைப் பரப்பினார். 1907-ல் கண்டுபிடித்தார்கள். பிறகு அவரைத் தனித் தீவில் அடைத்து வைத்தனர். வெளியே விட்டதும் திரும்பவும் சமையல் வேலைக்கே போனதால் 1915-ல் மறுபடி அடைத்தனர். 1938-ல் சாகும்வரை அங்கேதான். மொத்தம் 26 வருடம். பாவம், தனக்கு நோய் இருக்கிறது என்பதையே அந்தப் பெண் கடைசிவரை நம்பவில்லை.

நம்ம மாவட்டம் தண்ணீர் கஷ்டம் உள்ள மாவட்டம். தினமும் தண்ணீர் வராத தெருக்களில் குழாய் சும்மா கிடக்கும் நேரத்தில்தான் வினை. அழுத்தம் இல்லாத குழாயில் விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே கசிந்து விடும். அடுத்து தண்ணீர் திறக்கும்போது முதலில் வருவது அதுதான். முதல் சில குடங்களைக் குடிக்கப் பிடிக்காதீர்கள். பிடித்து வைத்த டிரம்மில் கையை விட்டு மொள்ளுவதும் ஆபத்து. அலுமினியப் பவுடர் கையில் ஒட்டினால் பளபளவென்று தெரியும், சோப்பு போட்டுத் தேய்ப்போம். இது கண்ணுக்குத் தெரியாது. கொதிக்க வைத்தால் சாகும், குளோரினுக்கும் சாகும்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி தலைமையில் 2017 முதல் 2020 வரை வேலூர், டெல்லி, கொல்கத்தா, புனே ஆகிய இடங்களில் 24 ஆயிரத்து 62 குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்தனர். 2023-ல் முடிவு வெளியானது. நகரப் பகுதிகளில் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 576 முதல் 1,173 வரை டைபாய்டு. புனே அருகே உள்ள கிராமப் பகுதியில் வெறும் 35! நெருக்கடியான தெருவும் கலந்த தண்ணீரும்தான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்பது நிருபரின் கணிப்பு.

தடுப்பூசி இருக்கிறது. ஐதராபாத்தில் தயாராகும் இந்தத் தடுப்பூசி அந்தக் கிருமியின் 'வி.ஐ.' போர்வையை வைத்தே செய்யப்படுகிறது. திருடனின் போர்வையைக் காட்டி காவலரைப் பழக்குவது. 6 மாதக் குழந்தை முதல் போடலாம், ஒரே ஊசி. நேபாளம், மலாவி, வங்காளதேசத்தில் சோதித்தபோது சுமார் 80 சதவீதம் பாதுகாப்பு கிடைத்தது. 2018-ல் நவி மும்பை மாநகராட்சி தன் பகுதிக் குழந்தைகளுக்கு இதை இலவசமாகப் போட்டது. குழந்தைகள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

கூலி போகுமே என்ற கவலைக்கு

'14 நாள் மாத்திரை சாப்பிடலாம், 14 நாள் கூலிக்கு எங்கே போக?' இதுதான் நிஜமான பிரச்சினை. மாத்திரையை வேலைக்குப் போய்க்கொண்டே கூட சாப்பிடலாம், காய்ச்சல் விட்டு தெம்பு வந்த பிறகு. ஆனால் முதல் வாரம் படுக்கைதான்.

இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படும் தொழிலாளர்களுக்கு நோய்க்கால உதவித்தொகை உண்டு. தினக்கூலி சராசரியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. அதற்கு, சந்தா கட்டும் 6 மாத காலத்தில் குறைந்தது 78 நாள் வேலை பார்த்து சந்தா போயிருக்க வேண்டும். சிவகாசியிலேயே இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கேயோ இ.எஸ்.ஐ. மருந்தகத்திலோ டாக்டரிடம் மருத்துவச் சான்று வாங்க வேண்டும். காய்ச்சல் முடிந்து தெம்பாகப் போய்க் கேட்டால் பின் தேதி போட்டுத் தர மாட்டார்கள். எனவே படுத்த முதல் நாளே கார்டோடு போய்விடுங்கள்.